கூரையில்லா வண்டியின் உரிப்பொருள்: சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களும் வசதி என்னும் சொல்லும்

போர்ட் பிளேர் துறையிலிருந்து ஹேவ்லாக் தீவுக்குப் புறப்படும் தனியார் விரைவுப் படகுகள் பலவற்றைக் கேட்டமரான் என்கிறார்கள். 2018-இல் அந்தத் தீவு சுவராஜ் தீவு ஆனது. 2024-இல் நகரம் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. படகின் பெயர் மட்டும் மாறவில்லை. அது தமிழ்ப் பெயர். சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றிய குறிப்பு, வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயணநூலில் உண்டு. 1876-இல் நியூயார்க்கில் நடந்த பாய்ப்படகுப் பந்தயத்தில் நதானியல் ஹெர்ரெஷாஃப் கட்டிய அமரில்லிஸ் என்னும் இரட்டை அடிக்கூட்டுப் படகு வென்றது. அத்தகைய படகுகள் பிறகு போட்டியிலிருந்து விலக்கப்பட்டன. அவ்வகைப் படகைக் குறிக்கவே ஆங்கிலத்தில் அந்தச் சொல் நிலைபெற்றது. இப்போது அந்தமான் கடலில் அதே பெயருடன் ஓடுபவை குளிரூட்டப்பட்ட அறையும் எண்ணிட்ட இருக்கைகளும் திறக்க முடியாத கண்ணாடிச் சாளரங்களும் கொண்ட கலங்கள்.

மூலப் பொருளான கட்டுமரத்தில் உள்ளே, வெளியே என்ற பிரிவே கிடையாது. இலேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை அது. அலை மரங்களுக்கு இடையே ஏறி இறங்கும், ஏறியவர் நனைவார், கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவார்கள். கடலைத் தன்னுள் விடுவதுதான் அதன் இயங்குமுறை. கடலை முழுவதும் வெளியே நிறுத்துவது இன்றைய கேட்டமரானின் இயங்குமுறை. பெயர் தொடர்ந்திருக்கிறது, பெயருக்குரிய உறவு தொடர்ந்திருக்கிறதா என்பது கேள்வி.

இதே கேள்வியை இருபதாம் நூற்றாண்டு முழுவதும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது இன்னொரு சிறிய ஊர்தி. இருவர் மட்டும் அமரும், கூரை மடங்கும் ஸ்போர்ட்ஸ் கார். அதன் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் பெரும்பாலும் தமிழில் எழுதப்படாமலேயே போயிற்று.

1

இவ்வகைக் கார்களுக்கு வழங்கும் பெயர்கள் அனைத்தும் வேறிடத்திலிருந்து வந்தவை. ரோட்ஸ்டர் என்பது முதலில் நெடுஞ்சாலைப் பயணத்துக்கு உகந்த குதிரையைக் குறித்தது. பிறகு மிதிவண்டிக்கு வந்து, அதன்பின் காருக்கு வந்தது. கேப்ரியோலே என்பது ஆட்டுக்குட்டியின் துள்ளலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்து, இரண்டு சக்கரக் குதிரைவண்டியின் பெயராகி, கூரை மடங்கும் காரின் பெயராயிற்று. ஸ்பைடர் என்ற பெயரும் மெல்லிய சக்கரங்கள் கொண்ட இலேசான குதிரைவண்டியிலிருந்து வந்ததே. இத்தாலியர் வழங்கும் பார்கெட்டா என்னும் சொல்லுக்குச் சிறுபடகு என்று பொருள். 1940-களின் இறுதியில் ஃபெராரி 166 எம்எம் காரோடு அச்சொல் ஒட்டிக்கொண்டது. குதிரை, துள்ளல், படகு என இம்மூன்றிலும் ஒரு பொதுக்கூறு உண்டு. ஏறியவரின் உடல் ஊர்தியின் அசைவோடு சேர்ந்து அசைய வேண்டும்.

மறுபக்கத்தில் தமிழ் வழங்கும் இரு சொற்களைப் பார்க்கலாம். வசதி என்பது வடமொழியில் உறைவிடம் என்னும் பொருளுடையது. தமிழில் அது ஏந்து, எளிமை, செல்வநிலை என விரிந்தது. சொகுசு என்பதற்கு இனமான தெலுங்குச் சொல் அழகைக் குறிக்கும். தமிழில் அது உடலுக்கு இதமான நிலையைக் குறிக்கிறது. வசதி என்னும் சொல்லின் பழம்பொருளை நினைவில் கொண்டால், காரின் வசதிகள் என்று பட்டியலிடப்படுபவை ஒவ்வொன்றும் வீட்டின் ஒரு பகுதியே என்பது புலப்படும்: சாளரம், கதவின் கைப்பிடி, கணப்பு, குளிரூட்டி, இசைப்பெட்டி, மெத்தை, இறுதியில் கூரை. திறந்த சிறுகாரின் வரலாறு, வீடு சிறிதுசிறிதாக வண்டிக்குள் குடியேறிய வரலாறு.

2

சிறிய ஸ்போர்ட்ஸ் கார் செல்வர்களின் கனவாக மட்டும் தொடங்கவில்லை. ஆக்ஸ்போர்டில் மோரிஸ் கராஜஸ் நிறுவனத்தை நடத்திய செசில் கிம்பர், 1928-இல் லண்டன் காட்சியில் எம்ஜி மிட்ஜெட் காரை முன்வைத்தார். 847 சிசி இயந்திரமும் அடிச்சட்டமும் மோரிஸ் மைனர் என்னும் குடும்பக் காரிலிருந்து எடுக்கப்பட்டவை. மேலே இலேசான ஓர் உடல், அவ்வளவுதான். மலிவான குடும்பக் காரின் உறுப்புகளைக் கொண்டு இன்பத்துக்கான வண்டியைக் கட்டுவது என்னும் சூத்திரம் அப்போது பிறந்தது. குறைவான உறுப்புகள், குறைவான எடை, குறைவான விலை ஆகிய மூன்றும் ஒரே காரணத்தின் விளைவுகள். பின்னாளில் இயல்பு என்று போற்றப்பட்டதன் பெரும்பகுதி, தொடக்கத்தில் சிக்கனம் என்ற பெயரில்தான் இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1945 முதல் 1949 வரை வெளிவந்த எம்ஜி டிசி 10,000 கார்களோடு முடிந்தது. அதன் முன்பக்கம் விறைப்பான ஒற்றை அச்சு. சக்கரங்கள் கம்பி ஆரங்களால் ஆனவை. ஓட்டுநர் இருக்கை வலப்புறம் மட்டுமே. அதற்கு அடுத்து வந்த டிடி, முன்சக்கரங்களுக்குத் தனித்தனித் தொங்கலமைப்பையும், இடப்புற ஓட்டுநர் இருக்கையையும், ஆரமற்ற எஃகுச் சக்கரங்களையும் தந்தது. பழைய அன்பர்கள் முகம் சுளித்தனர். கம்பி ஆரங்கள் போனதோடு ஆன்மாவும் போயிற்று என்பது அவர்களின் மனக்குறை. டிடி ஏறத்தாழ 30,000 விற்றது. வசதிக்கும் மரபுக்கும் இடையிலான வழக்கு 1950-லேயே தொடங்கிவிட்டது என்பதற்கு இது சான்று.

அந்த வழக்கின் மிகத் தெளிவான ஆவணம் டிரையம்ஃப் நிறுவனத்தின் வரலாற்றில் இருக்கிறது. 1953-இல் வந்த டிஆர்2, அதன்பின் வந்த டிஆர்3 ஆகியவற்றின் கதவுகளில் ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் கழற்றி வைத்திருக்கும் பக்கத்திரைகளை எடுத்துக் கதவில் பொருத்த வேண்டும். 1961-இல் வெளிவந்த டிஆர்4 காரில் ஜியோவானி மிக்கெலோட்டி வடித்த புதிய உடலும், கைப்பிடியைச் சுழற்றி ஏற்றும் கண்ணாடிகளும் இருந்தன. அமெரிக்க விற்பனையாளர்கள் சிலர் இதை வாடிக்கையாளர்கள் ஏற்பார்களா என்று ஐயுற்றனர். அதனால் 1962-இல் பழைய உடலையே கொண்ட டிஆர்3பி என்னும் கார் சுமார் 3,300 எண்ணிக்கையில் தனியாகக் கட்டப்பட்டது. கண்ணாடி ஏற்றும் ஒரு கைப்பிடி, ஒரு காரின் இயல்பைக் கெடுத்துவிடும் என்று வணிகர்கள் உண்மையாகவே அஞ்சிய காலம் அது.

அந்த அச்சம் நீடிக்கவில்லை. 1958-இல் வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டில் வெளிக் கைப்பிடி இல்லை. பின்புறப் பெட்டியைத் திறக்க மூடியும் இல்லை. இருக்கைக்குப் பின்னால் கையை நீட்டித்தான் பொருளை எடுக்க வேண்டும். 1962-இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஏற்றும் கண்ணாடியோடு வந்ததும், 1964-இல் ஸ்பிரைட்டும் அதைப் பின்பற்றியது. 1962-இல் தொடங்கிய எம்ஜிபி அதே வசதியோடு வந்து, 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டது. இன்று மரபின் அடையாளமாக ஏலத்தில் கொண்டாடப்படும் எம்ஜிபி, வந்த நாளில் வசதியின் பக்கம் நின்ற கார். ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் புதுமையை மரபு என்று சுவீகரித்துக்கொண்டு, தன் காலத்துப் புதுமையை எதிர்த்தது.

3

இங்கிருந்து கதை மெட்ராஸுக்கு வருகிறது. 1948-இல் உருவான ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை, நகருக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில் இருந்தது. யூனியன் கம்பெனி என்னும் இந்திய நிறுவனமும், கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் அதன் இரு வேர்கள். உலகப் போரின் இறுதிக்கட்டத்தில் டிரையம்ஃப் பெயரை விலைக்கு வாங்கியதும் அதே ஸ்டாண்டர்டுதான். ஆகவே பிரித்தானியாவின் புகழ்பெற்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் மெட்ராஸ் தொழிற்சாலைக்கும் தாய்வீடு ஒன்று.

1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் பிறப்புக்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருந்தது. ஸ்டாண்டர்டுக்கு உடல் வார்த்துக் கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் வார்க்க வழியின்றிப் போனது. அதனால் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டரின் குழு, தனி அடிச்சட்டத்தின் மேல் துண்டுதுண்டாகச் செய்து மரையாணியால் இணைக்கும் உடலை வகுத்தது, வடிவம் மிக்கெலோட்டியுடையது. முன்முகம் முழுவதும் ஒரே மூடியாகத் திறக்கும். திரும்பும் வட்டம் சுமார் 25 அடி.

இந்த நெருக்கடியிலிருந்து இரண்டு விளைவுகள் கிளைத்தன. முதலாவது, கூரை தொடர்பானது. கூரையும் பக்கங்களும் சேர்ந்து வலுவைத் தரும் ஓருடல் அமைப்பில், கூரையை வெட்டினால் வண்டி முறுக்கத்துக்கு இளகிவிடும், அதை ஈடுசெய்ய அடிப்பகுதியில் எஃகைக் கூட்டவேண்டும், எடை ஏறும். தனி அடிச்சட்டம் கொண்ட ஹெரால்டில் கூரை ஏறக்குறைய மரையாணியில் நிற்கும் பகுதியே. எனவே 1960-இல் கூரை மடங்கும் ஹெரால்டு எளிதாக வந்தது. 1962-இல் அதே அடிச்சட்டத்தைக் குறுக்கி ஸ்பிட்ஃபயர் பிறந்தது. இரண்டாவது விளைவு தொலைவு தொடர்பானது. துண்டுகளாகப் பெட்டியில் அனுப்பி வேற்றுநாட்டில் பூட்டுவதற்கு இந்த அமைப்பு மிகப் பொருத்தம். 1961-இல் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு 948 சிசி இயந்திரத்தோடு வெளிவரத் தொடங்கியது. ஒரே பொறியியல் முடிவு கோவென்ட்ரியில் திறந்த ஸ்போர்ட்ஸ் காராகவும், மெட்ராஸில் நடுத்தர வர்க்கக் குடும்பக் காராகவும் இருவேறு வாழ்வு கண்டது.

ஸ்பிட்ஃபயர் இங்கு ஏன் வரவில்லை என்பதற்கு விடை தொழிற்கொள்கையில் இருக்கிறது. முழுமையாகக் கட்டிய கார்களின் இறக்குமதி சுதந்திரத்துக்குப் பின் இறுக்கப்பட்டது. 1953-இன் சுங்கவரி ஆணையத்துக்குப் பிறகு உள்நாட்டில் உறுப்புகளைச் செய்யத் திட்டமில்லாத நிறுவனங்கள் வெளியேறின. ஹிந்துஸ்தான், பிரீமியர், ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றும்தான் கார்ச் சந்தையில் எஞ்சின. உரிமங்களும் காத்திருப்புப் பட்டியல்களும் ஆண்ட காலத்தில் இருவர் மட்டும் அமரும் காருக்கு எஃகை ஒதுக்குவதை நியாயப்படுத்த முடியாது. இருந்தும் விளையாட்டு ஆவல் மறையவில்லை. போர்க்கால விமான ஓடுபாதையான சோழவரத்தில், 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஃபியட்டோடும் அம்பாசடரோடும் ஹெரால்டு ஓடியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை தென்னிந்தியப் பந்தய மரபுக்கு அந்த ஓடுபாதையே மடி.

ஆனால் சாலையில் ஹெரால்டின் கதை எதிர்த்திசையில் நகர்ந்தது. 1960-களின் இறுதியில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு ஹெரால்டு வடிக்கப்பட்டது. இரண்டு கதவில் பின்னிருக்கைக்கு நுழைவது முதியவர்களுக்கும் புடவை கட்டியவர்களுக்கும் இலகுவல்ல. அடுத்து, பின்சக்கரங்களின் தொங்கலமைப்பு. ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் பின்னச்சு நடுவில் மடங்கி, இருபுறமும் ஊசல்போல் ஆடும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது அதன் சாய்வும் மாறும். வேகமாக வளைவில் திரும்புகையில் முடுக்கியிலிருந்து காலை எடுத்தால் வெளிச்சக்கரம் உள்ளே மடிந்து வண்டியின் பின்புறம் சட்டென்று வழுக்கும். ஸ்பிட்ஃபயரை ஓட்டியவர்கள் இதை ஒரு குணமாகப் பேசினர். ஆறேழு பேரை ஏற்றிச் செல்லும் மெட்ராஸ் குடும்பத்துக்கு அது ஒருபக்கம் தேயும் டயராகவும் பணிமனைச் செலவாகவும் தெரிந்தது. 1970-களின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் அந்த ஊசலச்சைக் கைவிட்டு, பழைய பாணி ஒற்றை விறைப்பச்சுக்குத் திரும்பியது. தொழில்நுட்ப அளவில் இது பின்னோக்கிய நகர்வு. பயன்படுத்தியவர் அளவில் இது வசதி. 1977-இல் கெஸலும் நின்றது.

இங்கே ஒரு சமூக உண்மை வெளிப்படுகிறது. பக்கத்திரையை மெச்சிய அமெரிக்க வாடிக்கையாளருக்கு டிஆர்3 பெரும்பாலும் இரண்டாவது கார். மழைநாளில் வேறொரு காரை எடுத்துக்கொள்வார். மெட்ராஸ் வாடிக்கையாளருக்கு ஹெரால்டு ஒரே கார்; பல ஆண்டுச் சேமிப்பு. இயல்பு என்னும் சொல்லைக் கையாளும் உரிமை, வேறொரு வண்டி வைத்திருப்பவருக்கே எளிதாகக் கிடைக்கிறது. கட்டுமரத்தின் அழகைப் பேசுபவர் பெரும்பாலும் கரையில் நிற்பவர் என்பதும் இதே வகை உண்மை.

4

ஸ்டாண்டர்டின் கடைசி அத்தியாயம் இந்த விவாதத்துக்கு எதிர்ப்புறச் சான்று. 1985-இல் நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்னும் காரை வெளியிட்டது. உடல், 1977-ஆம் ஆண்டுக்கான ஐரோப்பியக் கார் விருது பெற்ற ரோவர் எஸ்டி1 உடையது. இங்கிலாந்தில் அதன் முதல் வடிவம் 3.5 லிட்டர் எட்டு உருளை இயந்திரத்தோடு வந்தது. மெட்ராஸில் அந்த உடலுக்குள் வைக்கப்பட்டது பழைய வான்கார்டு வழிவந்த 1991 சிசி இயந்திரம்.

இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். டிஆர்2 காருக்காக 1950-களில் வான்கார்டு இயந்திரத்தின் உருளை விட்டத்தைக் குறைத்து, இரண்டு லிட்டர் பந்தயப் பிரிவுக்குள் அடங்குமாறு பெறப்பட்ட கொள்ளளவும் 1991 சிசியே. அதே குடும்பத்து இயந்திரம் ஃபெர்குசன் டிராக்டரிலும் உழைத்தது. ஆக, டிஆர்2-இன் நெஞ்சுக்கு உறவான ஒன்று மெட்ராஸில் 1980-களிலும் துடித்தது. ஆனால் அது இலேசான திறந்த வண்டியில் இல்லை. பெரிய, கனமான, மெத்தையிட்ட சொகுசுக் காருக்குள் இருந்தது. இலேசான டிஆர்2-இல் உற்சாகமாக இருந்த இயந்திரம் இங்கே மூச்சிரைத்தது. விலையும் கூட, எரிபொருட் செலவும் கூட, மாருதி வந்துவிட்ட காலமும் கூட. 1988-இல் உற்பத்தி முடிந்தது.

மரபையும் வசதியையும் ஒரே வண்டியில் சேர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று கருதுவோர் இந்தக் காரைப் பார்க்கவேண்டும். மரபின் உறுப்பு இருந்தது. வசதியின் உடலும் இருந்தது. இரண்டையும் இணைக்கும் விகிதம் இல்லை. டிஆர்2-இன் இயல்பு அதன் இயந்திரத்துக்குள் மட்டும் அடைந்திருக்கவில்லை என்பதை ஸ்டாண்டர்டு 2000 தன் தோல்வியால் நிறுவியது.

5

அப்படியானால் இயல்பு எங்கே இருக்கிறது? இந்த வினாவுக்குத் தமிழ் இலக்கணம் ஒரு கருவியைத் தந்திருக்கிறது. தொல்காப்பிய அகத்திணையியல், பொருளை முதல், கரு, உரி என மூவகையாக்குகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், விலங்கு, தொழில் முதலியன கருப்பொருள். திணைக்கு உரிய ஒழுக்கம் உரிப்பொருள். உரிப்பொருள் அல்லாதவை திணைகளுக்கிடையே மயங்கலாம் என்றும் அவ்வியல் இடம் தருகிறது. முல்லையின் பூ குறிஞ்சியில் மலரலாம். அதனால் திணை கெடாது.

சிறிய திறந்த காருக்கு இதைப் பொருத்தினால், எழுபது ஆண்டு வழக்கு ஓரளவு தெளிவடைகிறது. சாலையும் வானிலையும் அதன் முதற்பொருள். பக்கத்திரை, கம்பி ஆரச் சக்கரம், வெளிக் கைப்பிடி இல்லாத கதவு, ஏற்றும் கண்ணாடி, கணப்பு, குளிரூட்டி ஆகியன கருப்பொருள். சாலை என்ன செய்கிறது என்பதை ஓட்டுபவரின் கையும் இடுப்பும் தாமதமின்றி உணர்வதே உரிப்பொருள். இலேசான எடை, தாழ்ந்த இருக்கை, முன்பின் எடைச் சமநிலை, திறந்த மேற்புறம் ஆகியவை அந்த ஒழுக்கம் நிகழ்வதற்கான நிபந்தனைகள். 1950-இல் கம்பி ஆரத்துக்காக வருந்தியவர்களும் 1961-இல் பக்கத்திரைக்காக அஞ்சியவர்களும் கருவை உரியென்று மயங்கினர்.

எனினும் கருப்பொருள் எல்லாமே தீங்கற்றவை என்று முடித்துவிடவும் இயலாது. வசதிக்கு எடை உண்டு. குளிரூட்டி சேர்ந்தால் எடை ஏறும். ஏறிய எடையை நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும். அதைத் தாங்கப் பெரிய சக்கரமும் வலுவான அச்சும் வேண்டும். அவற்றைத் திருப்ப விசைத்துணைத் திருப்பி வேண்டும். அத்துணை வந்ததும் சாலையின் பேச்சு கைக்கு வந்துசேரும் வழி நீள்கிறது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமானது. கூட்டுத்தொகை உரிப்பொருளைத் தொடுகிறது. மொழிமாற்றமும் இப்படித்தான் நிகழ்கிறது: எந்த ஒரு கடன்சொல்லும் மொழியை மாற்றுவதில்லை, ஆனால் கடன்சொற்களின் வரவு ஒருநாள் ஒலியமைப்பைத் தொட்டிருக்கும்.

இதை உணர்ந்து செயல்பட்டதற்கு ஒரு சான்று ஜப்பானிலிருந்து வந்தது. 1989 பிப்ரவரியில் சிகாகோ காட்சியில் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 காரை அறிமுகப்படுத்தியது. அமெரிக்கப் பத்திரிகையாளர் பாப் ஹால் விதைத்த எண்ணம் அது. திட்டத்தை நடத்தியவர் தோஷிஹிகோ ஹிராய். குதிரையும் வீரனும் ஓருடல் என்னும் பொருள்தரும் ஜின்பா இட்டை என்ற ஜப்பானியத் தொடர் அதன் வழிகாட்டுக் கொள்கை. ரோட்ஸ்டர் என்ற சொல்லின் குதிரை இப்படி வேறொரு மொழியின் வழியே திரும்பிவந்தது. பிரித்தானியக் கார்களின் எண்ணெய்க் கசிவும் மின்சாரக் கோளாறும் மரபின் பகுதி என்று ஹிராயின் குழு கருதவில்லை. மழையில் ஒழுகாத கூரை, ஒருகையால் மடிக்கக்கூடிய துணி, நம்பத்தக்க இயந்திரம் ஆகியவற்றைத் தந்தார்கள். எடையில் மட்டும் கண்டிப்பாக இருந்தார்கள். முதல் எம்எக்ஸ்-5 ஏறத்தாழ 950 கிலோ. அடுத்தடுத்த வடிவங்களில் அது ஏறியது. 2006-இல் விசையால் மடங்கும் கடினக் கூரையும் வந்தது. 2015-இன் நான்காம் தலைமுறையில் பாதுகாப்புச் சட்டங்கள் பன்மடங்கான பிறகும் எடையை மீண்டும் ஏறத்தாழ 1000 கிலோவுக்கு இறக்கினார்கள். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. வசதி உள்ளே வரலாம்; தன் எடைக்கு வேறெங்கோ விலை கொடுத்துவிட்டு வரவேண்டும் என்பதே அவர்கள் கண்ட விதி.

இந்தியாவும் ஒருமுறை முயன்றது. 1990-களின் இறுதியில் வந்த சான் ஸ்டார்ம், இழைக்கண்ணாடி உடலும் ரெனோவின் 1149 சிசி இயந்திரமும் கொண்ட சிறிய திறந்த கார். குடும்பக் கார் இயந்திரமும் இலேசான உடலும் என்ற கிம்பரின் சூத்திரமே அதுவும். பெருஞ்சந்தையை அது எட்டவில்லை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கியவரின் பேரப்பிள்ளைக்கும் கார் என்பது பெரும்பாலும் ஒரே கார்தான் என்ற நிலை அப்போதும் மாறியிருக்கவில்லை.

6

மீண்டும் தீவுகளுக்குத் திரும்பலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும், உப்புக்காற்று எஃகைத் தின்னும் அந்தமானில் கூரையில்லாக் காருக்கு வாழ்வில்லை. ஆனால் கூரையில்லா ஊர்திக்கு அங்கே நீண்ட வாழ்வு உண்டு. நிக்கோபாரியரின் பக்கமிதவைத் தோணி, ஒற்றை மரத்தைக் குடைந்து செய்யப்படுவது. அந்தமானில் ஹோடி என்று வழங்குகிறது. பெரிய தோணிகளைக் கார் நிக்கோபார் மக்கள் பானைகளுக்குப் பெயர்பெற்ற சௌரா தீவின் வழியாகப் பெற்ற பழைய பரிமாற்ற மரபை இனவரைவியலாளர் பதிவு செய்திருக்கிறார்கள். தோணி அங்கே ஊர்தி மட்டுமன்று, தீவுகளைப் பிணைத்த உறவுக்கணக்கு. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை உயிர்களோடு தோணிகளையும் கொண்டுபோயிற்று. அன்றாடப் போக்குவரத்தில் இயந்திரப் படகுகள் இடம்பிடித்தன. ஆனால் தோணிப் பந்தயங்களில் துடுப்பு நீடிக்கிறது.

நோயாளியைத் தீவு மாற்றிக் கொண்டுசெல்லும் குடும்பத்திடம் துடுப்பின் இயல்பைப் போற்றச் சொல்வது கொடுமை. கட்டுமரத்தில் நனைந்து நடுங்கிய மீனவர் இழைக்கண்ணாடிப் படகை விரும்பியதில் பண்பாட்டு இழப்பை மட்டும் காண்பதும் கொடுமையே. வசதி என்பது அவர்களுக்கு உயிர்க்காப்பு. மெட்ராஸ் குடும்பத்தின் நான்கு கதவுக் கோரிக்கையும் இந்த வரிசையில் வைக்கத்தக்கது. அதே வேளையில், இயந்திரப் படகில் போய்வரும் அதே மக்கள் பந்தய நாளில் துடுப்பை எடுக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்கள் கருப்பொருளை மாற்ற அனுமதித்து, உரிப்பொருளுக்கு ஒரு நாளை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று அருங்காட்சியகமும் விற்பனையாளரும் ஏலக்காரரும் தீர்மானிக்குமுன், பயன்படுத்துவோர் தாமே தீர்மானித்த வடிவம் அது.

மரபுரிமை ஆய்வுகள் பெரும்பாலும் பொருளைப் பாதுகாக்கின்றன: ஒரு டிஆர்3, ஒரு ஹெரால்டு, ஒரு கட்டுமரம், கண்ணாடிக்குப் பின்னால். வண்டலூரில் செய்த கார்களுள் எஞ்சியவற்றைத் துடைத்து மெருகேற்றி அணிவகுக்கச் செய்வோரின் உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் அந்தத் தொழிற்சாலையில் மரையாணி முடுக்கியவர்கள், ஊசலச்சைக் கழற்றிப் பார்த்துக் குறைசொன்ன பணிமனைக்காரர்கள், சோழவரத்தில் ஹெரால்டின் எடையைக் குறைத்து ஓட்டியவர்கள் ஆகியோரின் வாய்மொழி இன்னும் தொகுக்கப்பட வேண்டியிருக்கிறது. அவர்களுள் பலர் முதுமையில் இருக்கிறார்கள். எந்த உறுப்பை ஏன் மாற்றினார்கள் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்களே. உரிப்பொருள் பற்றிய சான்று எஃகில் கிடைக்காது. ஓட்டியவரின் நினைவில்தான் கிடைக்கும்.

ஹேவ்லாக் செல்லும் படகுகளுள் சில திறந்த மேல்தளத்தை இன்றும் வைத்திருக்கின்றன. குளிரூட்டிய அறை கீழே இருக்க, நனைந்தாலும் பரவாயில்லை என்று பயணிகள் சிலர் மேலே ஏறி நிற்கிறார்கள். கட்டுமரம் என்ற பெயருக்கு அந்தக் கலத்தில் எஞ்சியிருக்கும் பொருள், காற்று முகத்தில் அறையும் அந்த மேல்தளத்தில் இருக்கிறது.